கூட்டு ஸகாத்: பதாகையில் இருந்த இலக்கும் ஊருக்குச் சொல்லப்படாத திட்டமும்

சில வருடங்களுக்கு முன் ஒரு நோன்பு இருபத்தேழு அன்று காலை, எங்கள் ஊர்ப் பிரதான வீதியில் ஒரு தனவந்தரின் வீட்டு வாசலில் பெண்கள் நீண்ட வரிசையில் நின்றிருந்தார்கள். வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. சிலர் நோன்போடு கைக்குழந்தைகளையும் இடுப்பில் வைத்திருந்தார்கள். வரிசையின் நடுவில், என்னிடம் ஒன்பதாம் தரத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை ஒருத்தி உம்மாவின் பக்கத்தில் நின்றாள். என்னைக் கண்டதும் உம்மாவின் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். நானும் காணாதவன் போல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டேன். ரமழான் விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய பிறகு பல நாட்கள் அவள் என் பாடத்தில் தலை நிமிர்ந்து இருக்கவில்லை.

அந்த வரிசையில் ஆளுக்கு ஆயிரம் ரூபா கொடுக்கப்பட்டதாகப் பின்னர் அறிந்தேன். கொடுத்தவர் நல்ல மனிதர். கடமையை நிறைவேற்ற வேண்டும் என்ற எண்ணத்தில்தான் கொடுத்தார். ஆனால் இந்த முறை எங்கே போய் முடியலாம் என்பதை 2020 மே 21 அன்று நாடே கண்டது. கொரோனாக் கட்டுப்பாடுகள் இருந்த அந்த ரமழானின் கடைசி நாட்களில், கொழும்பு மாளிகாவத்தையில் பணம் பெறக் கூடியவர்களிடையே ஏற்பட்ட நெரிசலில் மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள்.

அதன் பிறகு கூட்டாக ஸகாத் சேகரித்து விநியோகிக்க வேண்டும் என்று பல மிம்பர்களில் பேசப்பட்டது. கூட்டு ஸகாத் நல்லதா என்று கேட்டால் எமது ஊர்களில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ஆனால் ஆர்வத்தோடு ஆரம்பித்த குழு ஏன் மூன்றாவது வருடம் காணாமல் போகிறது என்று நாம் பேசுவது குறைவு. எங்கள் மஹல்லாவின் ஸகாத் குழுவில் செயலாளராக இருந்து, முதல் வருடம் தோற்று, பிறகு கொஞ்சம் கற்றுக்கொண்டவன் என்ற வகையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் குழு ஓர் இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் மேல்மாடியில் பிறந்தது. ஒன்பது பேர் கூடினோம். ஒரு மணி நேரத்துக்குள் தலைவர், பொருளாளர், வங்கிக் கணக்கு, பதாகை எல்லாம் முடிவாகிவிட்டன. பதாகையில் "எமது ஊரில் வறுமையை ஒழிப்போம்" என்று பெரிய எழுத்தில் போட்டோம். ஜும்ஆ முடிந்து மக்கள் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தோம். ஊருக்குச் சொல்லியாயிற்று என்று நினைத்தோம்.

ஓரளவு பணமும் சேர்ந்தது. விண்ணப்பங்கள் இருநூறைத் தாண்டின. யாருக்கு இல்லை என்று சொல்வது என்பதற்கு எங்களிடம் எந்த அளவுகோலும் இருக்கவில்லை. ஆகவே யாருக்கும் இல்லை என்று சொல்லாமல் எல்லோருக்கும் பிரித்தோம். ஆளுக்கு நான்காயிரம் ரூபா அளவில் போனது. பெருநாளைக்கு உடுப்பு வாங்கினார்கள், முடிந்தது. வறுமை இருந்த இடத்திலேயே இருந்தது.

எதிர்ப்பு நாங்கள் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. முதலில் கோபப்பட்டவர்கள் ஏழைகள். முன்பு ஆறேழு வீட்டு வாசல்களில் நின்று இதைவிடக் கூடுதலாகச் சேர்த்த ஒரு விதவைத் தாய், "வாப்பா, நீங்க வந்து எங்கட வயித்துல அடிச்சிட்டீங்க" என்று பள்ளிவாசல் கேற்றடியில் வைத்து என்னிடமே சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கணக்கின்படி அவர் சொன்னது சரி. அடுத்து தனவந்தர்கள். எங்களுக்குப் பெருந்தொகை தந்த ஒரு ஹாஜியார் பெருநாள் கழிந்து கடையில் வைத்துக் கேட்டார்: "சேர், குறை நினைக்க வேணாம். என்ட காசு யாருக்குப் போச்சு, அதால என்ன நடந்திச்சு எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே. முன்னெல்லாம் என்ட கையால குடுப்பன், அவங்கட முகத்தப் பார்ப்பன்." மூன்றாவதாக வந்தது வட்ஸ்அப். குழுவினர் தமக்கும் பங்கு எடுத்துக்கொண்டார்கள் என்று ஒரு குரல்பதிவு சுற்றியது. ஸகாத் வேலை செய்வோருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது சூறா தவ்பாவின் 60ஆவது வசனத்தில் உள்ளதுதான். ஆனால் நாங்கள் ஒரு சதமும் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லியும் வைக்கவில்லை. அடுத்த ரமழானில் எங்கள் கணக்குக்கு வந்தது முதல் வருடத்தின் பாதிகூட இல்லை. வீட்டு வாசல் வரிசைகள் திரும்பி வந்தன.

இந்த இடத்தில் எனக்கு ஆசிரியர் கலாசாலை நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு விரிவுரையாளர் எங்கள் பாடக்குறிப்புகளைத் திருத்தும்போது ஒரே ஒரு சொல்லைத்தான் தேடித்தேடி வெட்டுவார். "பாட முடிவில் மாணவர் ஒளித்தொகுப்புப் பற்றி அறிந்துகொள்வர்" என்று எழுதினால் 'அறிந்துகொள்வர்' என்பதன் கீழே சிவப்புக் கோடு விழும். அறிந்துகொண்டார்கள் என்பதை எதைப் பார்த்துச் சொல்வீர்கள் என்று கேட்பார். பெயரிடுவர், வரைவர், கணிப்பர் என்று எழுதினால் விடுவார். கண்ணால் பார்த்துச் சரியா பிழையா என்று சொல்லக்கூடிய வினைச்சொல் வேண்டும். அன்று அது எங்களுக்குத் தொல்லையாக இருந்தது. "வறுமையை ஒழிப்போம்" என்ற பதாகையை அவர் கண்டிருந்தால் முழுதாகவே வெட்டியிருப்பார்.

இரண்டாவது முயற்சியில் பதாகை அடிக்கவில்லை. ஒரு வசனத்தை எழுதுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் எடுத்தோம். முடிவில் வந்த வசனம் இது: "அடுத்த ரமழானுக்குள் எட்டுக் குடும்பங்கள் மீண்டும் ஸகாத்துக்கு விண்ணப்பிக்கத் தேவையில்லாத நிலைக்கு வர வேண்டும்." எட்டு என்ற எண் சிலருக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு பெரிய ஊரில் எட்டா என்று கேட்டார்கள். ஆனால் அந்த எண் வந்தபிறகுதான் மற்ற எல்லா முடிவுகளும் எடுக்கக்கூடியவை ஆகின. எட்டுக் குடும்பம் என்றால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தேவை என்று கணக்கிட முடிகிறது. மொத்தம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று தெரிகிறது. உழைக்க முடியாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் மாதாந்தம் கொடுக்க எவ்வளவை முதலில் ஒதுக்க வேண்டும் என்பதும் தெரிகிறது. ஏனெனில் அவர்களை இந்த எட்டுக்குள் சேர்க்க முடியாது, அவர்களை விட்டுவிடவும் முடியாது.

இலக்கு தெளிவானபோது, முதல் வருடம் கேட்கத் தோன்றாத கேள்விகளும் வந்தன. ஒரு சகோதரிக்குத் தையல் இயந்திரம் கொடுக்க எண்ணினோம். அடுத்த வருடம் அவர் விண்ணப்பிக்காமல் இருப்பாரா என்று கேட்டுப் பார்த்தபோது, அவருக்குக் கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய நுண்கடன் இருப்பது தெரிந்தது. அதுவும் ஒன்றல்ல, இரண்டு. இயந்திரத்தைக் கொடுத்தால் உழைப்பு முழுவதும் தவணைக்கே போகும். எட்டுக் கூட்டத்தாரில் கடனாளிகளும் அடங்குவர் அல்லவா? முதலில் கடனை அடைத்து, பிறகு இயந்திரம் கொடுத்தோம். நல்லது செய்வோம் என்ற பொதுவான எண்ணம் மட்டும் இருந்திருந்தால் இயந்திரத்தைக் கொடுத்துப் படமும் எடுத்துப் போட்டிருப்போம்.

காசாகக் கொடுக்காமல் தொழிற்கருவி வாங்கிக் கொடுப்பது கூடுமா என்று குழுவுக்குள்ளேயே ஒருவர் தயங்கினார். எங்கள் ஊர் ஆலிம்களிடம் போனோம். ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்களே, தொழில் தெரிந்த ஏழைக்கு அவரது தொழிலின் கருவிகளை வாங்கும் அளவு கொடுக்கப்படும் என்று எழுதியிருப்பதை எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் இன்னொன்றும் நினைவூட்டினார்கள். யாசிக்க வந்த அன்ஸாரி ஒருவரின் வீட்டுப் பொருட்களை நபி (ஸல்) அவர்கள் ஏலத்தில் விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்கு உணவும் மறு பகுதிக்குக் கோடரியும் வாங்கச் செய்து, விறகு வெட்டி விற்கும்படியும் 15 நாட்கள் தம் கண்ணில் படக்கூடாது என்றும் அனுப்பிய சம்பவம் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அந்தப் 15 நாட்கள் என்ற தவணையை நான் அதுவரை கவனித்ததில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதோடு எப்போது திரும்பி வந்து காட்ட வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

இனி, சொல்வது பற்றி. இதில்தான் எங்கள் கூடுதலான உழைப்பு போனது.

முஆத் இப்னு ஜபல் (ரழி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது நபி (ஸல்) அவர்கள் கொடுத்த அறிவுரையை நாம் அனைவரும் கேட்டிருப்போம். முதலில் கலிமா, அதை ஏற்றுக்கொண்டால் ஐவேளைத் தொழுகையைச் சொல்லுங்கள், அதையும் ஏற்றுக்கொண்டால், செல்வந்தர்களிடம் எடுத்து ஏழைகளுக்குக் கொடுக்கப்படும் ஸகாத்தைச் சொல்லுங்கள். கூடவே, அவர்களது பொருட்களில் மிகச் சிறந்தவற்றைத் தேர்ந்தெடுத்து எடுக்க வேண்டாம், அநீதியிழைக்கப்பட்டவரின் பிரார்த்தனையைப் பயந்துகொள்ளுங்கள் என்ற எச்சரிக்கையும் உண்டு. நாம் இதை தஃவாவுக்கான ஹதீஸாக மட்டும் வாசிக்கிறோம். ஒரு மாற்றத்தை எந்த ஒழுங்கில் மக்களிடம் கொண்டுபோவது என்பதும் அதில் இருக்கிறது. ஒன்றை ஏற்ற பிறகே மற்றது. நாங்கள் முதல் வருடம் எல்லாவற்றையும் ஒரே அறிவித்தலில் கொட்டினோம். அதுவும் காசு கேட்கும் நேரத்தில்.

இரண்டாம் முறை றஜப் மாதமே ஆரம்பித்தோம். முதலில் போனது இழப்பவர்களிடம். வாசல்களில் நின்று சேர்த்துக்கொண்டிருந்த தாய்மார்களின் வீடுகளுக்கு இரண்டு இரண்டு பேராகப் போய், இந்த வருடம் என்ன நடக்கப்போகிறது, அவர்களுக்கு என்ன கிடைக்கும், எது கிடைக்காது என்று நேரே சொன்னோம். என்னிடம் வயிற்றிலடித்துவிட்டீர்கள் என்று சொன்ன தாயின் பெயர் மாதாந்தப் பட்டியலில் சேர்ந்தது. எல்லோருக்கும் அப்படிச் சொல்ல முடியவில்லை. இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது கஷ்டமான வேலைதான். ஆனால் றஜபில் கேட்ட 'இல்லை'யும் பெருநாளைக்கு முதல் நாள் கேட்ட 'இல்லை'யும் ஒன்றல்ல. முன்கூட்டித் தெரிந்தால் அவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து தனவந்தர்கள். ஜும்ஆ அறிவித்தலுக்கு முன் ஒவ்வொருவராகச் சந்தித்தோம். பணம் கேட்கவில்லை. அந்த ஒரு வசனத்தை வாசித்துக் காட்டி, இதில் என்ன பிழை என்று கேட்டோம். கருத்துக் கேட்கப்போனால் மனிதர்கள் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். கடை வைத்திருக்கும் ஒருவர், சில்லறைக் கடை போட்டுக் கொடுப்பதாக இருந்தால் ஊரில் ஒரே தெருவில் மூன்று கடை வேண்டாம் என்றார். நாங்கள் அதை யோசித்திருக்கவேயில்லை.

பெண்களை முதல் வருடம் முழுமையாக மறந்திருந்தோம். எங்கள் பகுதியில் நகை பெண்களின் சொத்து. அதற்கு ஸகாத் உண்டா, அணியும் நகைக்கு உண்டா, 85 கிராம் தங்கத்தை வைத்துப் பார்ப்பதா 595 கிராம் வெள்ளியை வைத்துப் பார்ப்பதா என்ற கேள்விகள் அவர்களுக்கு இருக்கின்றன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் வீட்டில் பெண்களைக் கூட்டினார். ஆலிம்களிடம் கேட்டு ஒரு பக்கத்தில் பதில்களை எழுதி அச்சடித்துக் கொடுத்தோம். 85 கிராம் என்றால் பத்தரைப் பவுணுக்குச் சற்றுக் கூட என்று பவுணிலும் போட்டோம். கிராமில் சொன்னால் யாருக்கும் பிடிபடுவதில்லை. பத்து இலட்சம் ரூபா ஒரு வருடம் கையில் இருந்தால் 25,000 ரூபா என்று ஓர் உதாரணமும் போட்டோம். அந்தக் கூட்டத்தில்தான் ஒரு சகோதரி, "விண்ணப்பம் போட்டா பேர் வெளியில வருமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே விண்ணப்பங்களைப் பெயரில்லாமல் இலக்கமிட்டோம். பெயரும் இலக்கமும் சேர்ந்த கொப்பி இரண்டு பேரிடம் மட்டும் இருக்கிறது. அறிவித்தல் பலகையில் "இலக்கம் 14: கடன் தீர்க்கப்பட்டது" என்று மட்டும் வரும். படம் எடுப்பதை நிறுத்தினோம்.

விவசாயிகளிடம் நாங்கள் இன்னும் வெற்றி பெறவில்லை. நெல்லுக்கான ஸகாத் அறுவடை நாளில் கொடுக்கப்பட வேண்டியது. மழையை நம்பிய விளைச்சலில் பத்தில் ஒன்று, செலவழித்து நீர் பாய்ச்சியதில் இருபதில் ஒன்று. எங்கள் பெரும்போக அறுவடை மாசி பங்குனியிலும் சிறுபோகம் ஆடி ஆவணிப் பக்கமும் வரும். ரமழானோ வருடத்துக்கு ஏறக்குறைய 11 நாட்கள் முன்னே நகரும். ரமழானில் மட்டும் கண் விழிக்கும் குழுவுக்கு நெல் ஸகாத் அகப்படாது. ஐந்து வஸக்கை உமியோடு கணக்கிடுவதா, உமி நீக்கியா என்பதிலும் ஊரில் இரண்டு கருத்து. இரண்டு தரப்பு ஆலிம்களையும் ஒரே மேசையில் இருத்தும் வரைக்கும் இதைப் பற்றி அறிவித்தல் போடுவதில்லை என்று இருக்கிறோம். குழப்பத்தோடு போட்ட அறிவித்தலைத் திருத்துவது, அறிவித்தல் போடாமலிருப்பதைவிடக் கடினம்.

இவ்வளவு சொல்லியும் ரமழான் முதல் பத்தில் கணக்குக்கு வந்தது மிகச் சொற்பம். எல்லோரும் யாராவது முதலில் கொடுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது எங்கள் பேஷ்இமாம் ஹுதைபிய்யாவைச் சொன்னார். ஹிஜ்ரி 6இல், சுமார் 1,400 ஸஹாபாக்கள் உம்ரா என்ற எண்ணத்தோடு வந்து, உடன்படிக்கையோடு திரும்ப வேண்டியதாயிற்று. கஃபாவுக்குப் போவோம் என்று சொன்னீர்கள் அல்லவா என்று உமர் (ரழி) அவர்கள் கேட்டபோது, இந்த வருடமே என்று சொன்னேனா என்று நபி (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். பிறகு பலிப்பிராணிகளை அறுத்துத் தலைமுடியைக் களையும்படி மூன்று முறை சொல்லியும், கவலையில் ஒருவரும் எழவில்லை. உம்மு ஸலமா (ரழி) அவர்கள் சொன்ன ஆலோசனை, வெளியே போய் யாரோடும் பேசாமல் நீங்களே அறுத்து, முடியைக் களையுங்கள் என்பது. அப்படிச் செய்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அவர்கள் ஸஹாபாக்கள், சொன்னவர் அல்லாஹ்வின் தூதர். அவர்களுக்கே மனம் ஏற்க நேரம் எடுத்ததென்றால் எங்கள் ஊரைப் பற்றி நாம் ஏன் கோபப்பட வேண்டும் என்று இமாம் கேட்டார். அன்றிரவே குழுவில் ஸகாத் கடமையான ஆறு பேரும் தமது ஸகாத்தை முழுமையாகக் கணக்கில் போட்டார்கள். போட்டோம் என்பதையும், வேலை செய்வோரின் பங்கில் ஒரு சதமும் எடுக்கமாட்டோம் என்பதையும் பலகையில் எழுதினோம். தொகையை எழுதவில்லை. இருபதாவது நோன்புக்குள் எட்டுக் குடும்பத்துக்குத் தேவையானது வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு ஒரு சோதனை. எட்டில் ஒருவருக்கு மீன் விற்க, பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தோம். மூன்றாவது மாதம் அவர் அதை விற்றுவிட்டார். குழுக் கூட்டத்தில் பெரும்பாலானோர் இதை வெளியே விட வேண்டாம் என்றார்கள். ஊருக்குத் தெரிந்தால் அடுத்த வருடம் ஒருவரும் தரமாட்டார்கள் என்பது அவர்கள் பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் ஒரு மோட்டார் சைக்கிள் விற்கப்படுவது இரகசியமாக இருக்காது. நாம் சொல்லாவிட்டால் வேறு யாரோ வேறு விதமாகச் சொல்வார்கள். முந்திய குரல்பதிவின் அனுபவம் இருந்தது. பலகையில் போட்டோம்: இலக்கம் 31, கொடுத்தது, விற்கப்பட்டது, காரணம் குடும்பத்தில் ஏற்பட்ட வைத்தியச் செலவு. பதிவுப் புத்தகத்தை நாங்களே வைத்திருந்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். ஸகாத் கொடுத்தால் அது பெற்றவரின் உடைமை, பிடித்துவைக்க முடியாது என்று ஆலிம்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே வாகனத்தைப் பிடித்துவைப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்க ஒருவரை நியமித்தோம். வைத்தியச் செலவு வந்த அன்றே எங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர் விற்றிருக்கத் தேவையில்லை.

இரண்டு கிழமை விமர்சனம் இருந்தது. வட்ஸ்அப்பில் பேச்சு வாங்கினோம். வருட முடிவில் எட்டில் ஐந்து குடும்பங்கள் விண்ணப்பிக்கவில்லை. இரண்டு குறைந்த தேவையோடு வந்தன. மோட்டார் சைக்கிள் விற்றவர் திரும்ப வந்தார். அதையும் அப்படியே எழுதினோம். எட்டு என்று சொல்லி ஐந்துதான் நடந்தது என்று நாங்களே எழுதியதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். வேறு சிலர் அடுத்த வருடத்துக்கான பணத்தை அந்தப் பலகையைப் பார்த்துத்தான் தந்தார்கள்.

ஊரில் இதை ஆரம்பிக்க எண்ணுபவர்கள் எங்களிடம் படிவங்களைக் கேட்கிறார்கள். படிவம் கொடுப்பதில் தடையில்லை. ஆனால் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையோடு உட்கார்ந்து முதலில் உங்கள் ஊருக்கான அந்த ஒரு வசனத்தை எழுதுங்கள் என்றே சொல்கிறேன். அதில் ஓர் எண்ணும் ஒரு திகதியும் இருக்க வேண்டும். பிறகு, இந்த மாற்றத்தால் யாருக்கு எது இல்லாமல் போகிறது என்று ஒரு பட்டியல் போட்டு அவர்களிடம் முதலில் போங்கள். வங்கிக் கணக்கும் பதாகையும் அதற்குப் பிறகு வரலாம். கணக்கு வைப்பவரும் காசோலையில் கையெழுத்திடுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த ஹாஜியார் இப்போது தன் ஸகாத்தில் பாதியை எங்களுக்குத் தருகிறார். மீதிப் பாதியை இன்னும் நோன்பு இருபத்தேழில் தன் வாசலில்தான் கொடுக்கிறார். முகத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் மனதில் இருப்பது. அதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இந்த வருடம் மாதாந்தம் குடும்பங்களைப் போய்ப் பார்க்கும் வேலையில் எங்களோடு வாருங்கள் என்று அவரைக் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.